நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை

"ஒளியைவிட வேகமான துகளை செர்ன் கண்டுபிடித்துவிட்டது, ஐன்ஸ்டைன் தோற்றார்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பழையது, தப்பானதும்கூட. (ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்பது ஐன்ஸ்டைனின் கோட்பாடு.)

2011 செப்டம்பரில் ஓபரா என்ற நியூட்ரினோ ஆய்வுக்குழு அப்படியொரு அளவீட்டை வெளியிட்டது உண்மைதான். ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள் (எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள்) சுமார் 730 கி.மீ. பாறையைத் துளைத்து, இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்துக்கு ஒளியைவிட 60 நானோநொடி (ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) முன்னதாக வந்ததாகக் கணக்கு காட்டியது. ஆனால் ஐன்ஸ்டைன் தோற்றார் என்று அந்தக் குழு சொல்லவே இல்லை. மற்றவர்களும் சரிபாருங்கள் என்றுதான் கேட்டது. மிச்சமெல்லாம் தலைப்புச் செய்திகளின் கைவரிசை.

அப்புறம் பார்த்தால், ஜிபிஎஸ் நேரத்தை நிலத்தடிக் கடிகாரத்துக்குக் கொண்டுவரும் ஒளியிழைக் கேபிளின் முனை சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்தது. ஒளி மங்கலாக வந்ததில் நேர சிக்னல் 73 நானோநொடி பிந்தியது. வீட்டுக் கடிகாரம் மெதுவாக ஓடினால் விருந்தாளி சீக்கிரம் வந்த மாதிரிதானே தெரியும்? கூடவே எதிர்த்திசையில் இன்னொரு சின்னப் பிழையும் இருந்தது, அதனால்தான் மிச்சம் 60 சொச்சம்.

2012-இல் ஓபராவும், அதே ஆய்வகத்தில் அப்போதிருந்த இக்காரஸ், போரெக்சினோ, எல்விடி ஆகிய கருவிகளும் மறுபடி அளந்தன. நான்கிலும் நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை.