டேமியன் அடிகளார் நோயாளியாக அங்கே போகவில்லை

"தொழுநோய் வந்ததால்தான் டேமியன் அடிகளாரை மொலோக்காய் தீவில் கொண்டுபோய் விட்டார்கள்" என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தவறு. ஹவாயில் உள்ள அந்தத் தீவுக்கு அரசு அப்படிக் கட்டாயப்படுத்தி அனுப்பியது தொழுநோயாளிகளைத்தான். பெல்ஜியத்திலிருந்து வந்த இந்தக் குரு, நல்ல உடல்நலத்தோடு, தானே முன்வந்து 1873 மே மாதம் அங்கே போனார். வயது 33. நான்கு குருக்கள் மாறி மாறிப் போவதாகத்தான் ஆயர் ஏற்பாடு செய்திருந்தார். முதலில் போன இவர் அங்கேயே தங்கிவிட்டார். பூசை வைத்ததோடு நிற்கவில்லை. புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டார், வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழியும் வெட்டினார்.

அவருக்கும் அந்த நோய் வந்திருப்பது தெரியவந்தது 1884 கடைசியில்தான். கொதிநீரில் கால் பட்டு, தோல் கொப்பளித்தும் சூடு மட்டும் உறைக்கவில்லை; இப்படி உணர்ச்சி மரத்துப்போவது தொழுநோயின் அறிகுறி. அப்புறமும் அவர் வேலையை விடவில்லை. 1889 ஏப்ரல் 15 அன்று அங்கேயே இறந்தார். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.