வெளிநாட்டுத் தத்துக்கு எதற்கு இத்தனை பேப்பர்?

"ஒரு தத்து பத்திரம் எழுதி சார்பதிவாளர் ஆபீஸில் பதிஞ்சாப் போதும், அப்புறம் பாஸ்போர்ட் எடுத்து பிள்ளையை ஏத்தி விட்டுடலாம்." இப்படி யோசனை சொல்கிறவர்கள் மதுரையில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆவண மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன், அதை நம்பிக் கிளம்பிய குடும்பங்கள் கடைசியில் விசா ஜன்னலில்தான் போய் முட்டி நிற்கின்றன.

1956 இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பதிந்த பத்திரத்துக்கு இங்கே மதிப்பு உண்டு. சொத்து, வாரிசு விவகாரங்களுக்கு அது பேசும். ஆனால் நாடு விட்டு நாடு தத்துப் போகும் குழந்தைகளுக்காக நாடுகள் சேர்ந்து போட்ட ஹேக் உடன்படிக்கையில் இருக்கும் நாட்டுக்குப் பிள்ளை போகிறதென்றால் கதையே வேறு. இந்தியா 2003-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் பத்திரம் போட்டிருந்தாலும் மாவட்ட நிர்வாகம் விசாரித்து, டெல்லியில் இருக்கும் காரா, அதாவது மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையம், தடையில்லாச் சான்று தர வேண்டும். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி போகிறவர்களுக்கும் காராவின் சான்று இல்லாமல் வேலை நடக்காது.

சொந்தத்துக்குள் தத்து என்றால் "சொந்தம்" யார் என்பதையும் 2015 சட்டமே சொல்லிவிட்டது. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி. அவ்வளவுதான். ஒன்றுவிட்ட அண்ணன் எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் பங்காளி என்றால் பாதி கிராமமே வரும், சட்டத்துக்கு அது தெரியாது.

போன வருஷம் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். மகன் இறந்துவிட்டார். அவருடைய ஏழு வயது மகளை ஜெர்மனியில் இருக்கும் அத்தை தத்தெடுக்க வேண்டும். மஞ்சப்பையைக் கவிழ்த்ததும் மேஜை நிறையக் காகிதம். பிறப்புச் சான்றில் அப்பா பெயர் பாண்டி. இறப்புச் சான்றில் பாண்டியராஜன். ரேஷன் கார்டில் பாண்டிராஜ். பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றில் இல்லவே இல்லை, வெறும் "பெண்". "எங்க வீட்டுப் புள்ளைய எங்க வீட்டுக்கே குடுக்க கலெக்டர் எதுக்குப்பா?" என்று பாட்டி கேட்டார். கூட வந்த தாய்மாமா எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து விழுந்த போட்டோக்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே இருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

கலெக்டர் எதற்கு என்ற கேள்விக்கு நான் கண்ட பதில் அந்த அம்மாதான். காரா வழியில் போனால் பெற்றவளின் சம்மதத்தை வாங்கிப் பதிவு செய்தே ஆக வேண்டும். இந்தத் தத்து முடிந்தால் பிள்ளைக்கும் அவளுக்கும் சட்டப்படி இருந்த உறவு முடிந்துபோகும் என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரியவருகிறது. பிள்ளைக்கு ஐந்து வயது ஆகியிருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். 1956 சட்டத்தில் பெற்றவர்களே தத்துக் கொடுக்கும்போது பிள்ளையைக் கேட்க வேண்டியதில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வீட்டு நிலவரத்தை விசாரித்து அறிக்கை எழுதுகிறது. ஜெர்மனியில் அத்தை வீட்டையும் அந்த நாட்டுத் தத்து அமைப்பினர் போய்ப் பார்க்கிறார்கள். வீட்டில் எல்லோரும் கூடி முடிவெடுத்தபோது யாரும் கேட்காத இரண்டு பேரை இந்தக் காகிதம் ஒன்றுதான் கேட்கிறது. அதைப் போய் 'வெட்டி அலைச்சல்' என்று என்னால் சொல்ல முடியாது.

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததும் இல்லை. வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் நடக்கும் முறைகேடுகள் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1984-ல் உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்தது. அது பழைய கதை என்றால் 2021-க்கு வாருங்கள். நம் மதுரையிலேயே ஒரு காப்பகத்துக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகச் சொல்லி, தத்தனேரி மயானத்து ரசீது வரைக்கும் போலியாகத் தயார் செய்திருந்தார்கள். போலீஸ் தேடிப் போனால் குழந்தை உயிரோடு இன்னொரு வீட்டில் இருக்கிறது. முத்திரை குத்திய ஒரே ஒரு தாளை நம்பக் கூடாது என்பதற்கு நமக்கு வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை.

திட்ட வேண்டிய இடம் வேறு, அங்கே நானும் சேர்ந்து திட்டுகிறேன். பாண்டியும் பாண்டியராஜனும் ஒருவரே என்று நிரூபிக்க அந்தக் குடும்பம் அலைந்த அலைச்சலால் எந்தக் குழந்தைக்கும் ஒரு பாதுகாப்பும் கூடவில்லை. ஒரு ஆபீஸில் வாங்கிய சான்றை அடுத்த ஆபீஸ் 'இந்த வடிவத்தில் வேண்டாம்' என்று திருப்பியது. ஃபைலை முதல் நாளே ஒருவர் முழுதாகப் புரட்டி, இன்னின்ன குறை என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன? கலெக்டர் முன் மனு போன பிறகு இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மனு அந்த மேஜையை எட்டும் முன்பு ஓடும் மாதங்களுக்குத்தான் கணக்கே கிடையாது.

என் தொழில்காரர்களையும் விட மாட்டேன். மூலத்தில் பாண்டி என்று இருந்தால் மொழிபெயர்ப்பிலும் பாண்டிதான். 'சரி பண்ணிக் கொடுத்துடறேன்' என்று பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயரை மாற்றி அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் உட்கார்ந்திருப்பவர் மூலத்தையும் பெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஃபைல் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். திருத்தம் மூலத்தில் நடக்க வேண்டும். பிறப்புச் சான்றில் பெயர் சேர்க்கப் பதினைந்து வருஷம் வரை வழி இருக்கிறது, கட்டணமும் சொற்பம். அதை முதலில் முடியுங்கள், மொழிபெயர்ப்பு கடைசியில்.

அமெரிக்கா என்றால் இன்னொன்று. பெற்றவர்கள் இருவரும் உயிரோடு இருந்தால், பிள்ளையைச் சரிவர வளர்க்க அவர்களால் முடியவில்லை என்று காட்ட வேண்டும். "அக்காவுக்குக் குழந்தை இல்லை, தங்கச்சி மூணாவதைக் குடுக்கிறா" என்பது நமக்குப் பெரிய காரணம். அங்கே எடுபடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பிள்ளையிடம் "நீ அமெரிக்கா போகப்போறே" என்று சொல்லி வைக்காதீர்கள்.

அப்புறம், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. ஊருக்கு டிக்கெட் போடும் முன் உங்கள் நாட்டில் அனுமதி பெற்ற தத்து நிறுவனத்திடமோ அரசு அமைப்பிடமோ போய் வீட்டாய்வு அறிக்கைக்கு, அதாவது உங்கள் வீட்டு நிலவரத்தை நேரில் பார்த்து எழுதும் அறிக்கைக்கு, பதிவு செய்யுங்கள். அது நகராமல் இங்கே எதுவும் நகராது. பிள்ளை வந்து சேர்ந்த பிறகும் இரண்டு வருஷம், முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த வருஷம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிள்ளை எப்படி இருக்கிறது என்று அறிக்கை போக வேண்டும். அதன் பிரதியைப் பெற்றவளுக்கும் அனுப்பச் சொல்லி எந்த விதியும் எனக்குத் தெரிந்து இல்லை. நீங்களாக அனுப்பலாம்.

பாட்டி குடும்பத்தின் ஃபைல் இப்போது டெல்லியில் இருக்கிறது. யாருக்காவது இதில் சந்தேகம் இருந்தால் கமெண்டில் பிள்ளையின் பெயர், படம் எதுவும் போடாதீர்கள், இன்பாக்ஸில் கேளுங்கள்.