கறுத்த சுருட்டெல்லாம் காரமான சுருட்டல்ல

"நிறம் கறுக்கக் கறுக்கச் சுருட்டின் காரம் கூடும், பழக்கமில்லாதவர்கள் வெளிறியதையே வாங்க வேண்டும்." சுருட்டுப் பிரியர்களிடையே ஓயாமல் சுற்றிவரும் இந்த யோசனை தவறானது.

கண்ணுக்குத் தெரிவது மேலே சுற்றிய ஓர் இலை மட்டுமே. காரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்பவை உள்ளே மடித்து வைத்த இலைகள். கியூபாவில் இவற்றைச் செடியில் முளைத்த இடத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். அடி இலையான வொலாடோ நன்றாக எரியும். நடு இலையான செக்கோ மணம் தரும். உச்சியில் வெயிலை நேராக வாங்கித் தடித்துப்போன லிகேரோவில்தான் நிக்கோடின் அதிகம். மெதுவாக எரிவதால் அதை நட்டநடுவில் வைத்துச் சுருட்டுவார்கள்.

மதுரோ என்னும் கரும்பழுப்பு, இலைகளை அடுக்கி, அந்த அடுக்கிலேயே எழும் சூட்டில் நெடுநாள் புளிக்கவிடுவதால் வருவது. அதில் காட்டம் தணிந்து இனிப்புத் தட்டும். காப்பி, கோகோ மணம் என்று ரசிகர்கள் உருகுவது இதைத்தான். (புற்றுநோய் அபாயம் எந்த நிறத்துக்கும் சலுகை தருவதில்லை, அது வேறு கதை.)

துணிப்பந்தல் நிழலில் வளர்ந்த அமெரிக்காவின் கனெக்டிகட் இலையோ வெளிறிய பொன்னிறத்தில் சாதுவாகத் தெரியும். அதற்குள் லிகேரோ தாராளமாக இருந்தால், புதியவருக்குப் பாதிச் சுருட்டு தீர்வதற்குள் தலை கிறுகிறுத்துவிடும்.