கற்பூரப் பொட்டலம் மலையேற உதவுமா? உண்மை விளக்கம்

"செஞ்சிக் கோட்டை ஏறுவோர் கற்பூரம், கிராம்பு, ஓமம் கட்டிய துணிப் பொட்டலத்தை முகர்ந்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் உயரும், வழியில் தண்ணீர் குடிக்கக் கூடாது" என்றொரு செய்தி கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இரண்டுமே தவறு.

கற்பூர ஆவி மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் மூச்சு எளிதாவதுபோல் தோன்றுகிறதே தவிர, ஆக்சிஜன் அளவு கூடுவதில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கொண்டு, முகர்வதற்கு முன்னும் பின்னும் எவரும் இதைச் சரிபார்க்கலாம். மேலும், செஞ்சிக் கோட்டையில் சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரி மலையின் உச்சியில் காற்றழுத்தம் நம் கடற்கரையைவிட ஏறக்குறைய 3 சதவீதமே குறைவு என்பதால், அங்கே மூச்சு வாங்குவதற்குக் காரணம் செங்குத்தான படிகளும், வெயிலும், வியர்வையில் உடல் இழக்கும் நீரும்தான். அந்த நிலையில் தண்ணீரைத் தவிர்க்கச் சொல்வது ஆபத்தான அறிவுரை.

போதிய தண்ணீர், தொப்பி, வழுக்காத காலணி, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். பொடியை உறையில் அச்சிட்டுள்ள அளவு நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். குரங்குகள் கைப்பையைப் பறிக்கக்கூடும். தோளில் மாட்டும் பையே நல்லது. கற்பூரத்தை விழுங்கும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும் என்பதால், அதைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பவே வேண்டாம்.

இச்செய்தி வந்தால் யாருக்கும் பகிராமல், அனுப்பியவருக்கு இவ்விளக்கத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.