புழுக்கத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்

சென்னையின் கோடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பகலைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். மாலைச் செய்தியில் மீனம்பாக்கத்தில் இத்தனை டிகிரி, நுங்கம்பாக்கத்தில் இத்தனை டிகிரி என்று உச்ச வெப்பநிலையைச் சொன்னதோடு அன்றைய வெயிலின் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த ஊரில் உடலை உண்மையில் உருக்குலைப்பது, இரவு பதினொரு மணிக்கும் இறங்காமல், விடியற்காலை நான்கு மணிக்கும் தலையணையை நனைத்துக்கொண்டிருக்கும் புழுக்கம்தான் என்பது, மாடி வீட்டில் குடியிருக்கும் எவருக்கும் தெரியும்.

நாங்கள் பெரம்பூரில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், இரவில் அதை அப்படியே அறைக்குள் இறக்குகிறது. அம்மா பிறந்து வளர்ந்த வீட்டில் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை இருந்தது. உத்தரம் உயரம், எதிரெதிர் ஜன்னல், நடுவில் முற்றம். அதெல்லாம் போய், பக்கத்துச் சுவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும் கட்டடங்களுக்கு வந்துவிட்டோம். இடையிலுள்ள சந்தில் ஏசி இயந்திரங்கள் வெளியேற்றும் அனல், ஏசி இல்லாத வீட்டின் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

வேலூரிலிருந்து வரும் உறவினர்கள், "எங்க ஊர்ல நாப்பத்தோரு டிகிரி அடிச்சாலும் இப்படி நசநசன்னு இருக்காது" என்று சொல்வார்கள். அது வெறும் ஊர்ப்பெருமை அல்ல. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுமையாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். காற்றில் ஈரம் மிகுந்து, அதே வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக வழிந்தால், உடலிலுள்ள நீரும் உப்பும் போவதுதான் மிச்சம். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி அளப்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள்; வியர்வையால் உடல் எவ்வளவு குளிர முடியும் என்பதை அது காட்டிவிடும்; அது ஏற ஏற உடல் குளிர்வது கடினம். 42 டிகிரி வெப்பமும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள இடத்தில் அது 26 டிகிரியை ஒட்டியிருக்கும். 34 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 80 சதவீதமானால் அது 31 டிகிரியைத் தொடும். செய்தியில் எட்டு டிகிரி குறைவாகத் தெரியும் ஊர்தான் உடலுக்குக் கொடிய ஊர். மனித உடல் 35 டிகிரி ஈரக்குமிழ் வெப்பம் வரை தாங்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது; இளம் வயதினரை வைத்தே செய்த பிற்கால ஆய்வுகள் அந்த எல்லை அதைவிடக் கீழே இருப்பதைக் காட்டியிருக்கின்றன. வியர்க்கும் திறனே குறைந்துபோன முதியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

கடற்காற்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் பழைய ஆறுதல். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது நுழையவே தாமதமாகும். அன்றுதான் வெப்பநிலை எகிறும். அது நுழைந்த பிறகு சூடு இறங்கினாலும், கூடவே ஈரமும் வந்து சேர்கிறது. கத்திரி முடிந்தால் கோடை முடிந்தது என்பதும் இங்கே பொருந்தாது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி முடிந்த பிறகு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் வரும். அதுவரை இடையிடையே பெய்யும் மழை ஓரிரு மணி நேரம் குளிர்வித்துவிட்டு, மேலும் புழுங்க வைத்துவிட்டுப் போகிறது.

என்னை மிகவும் வருத்துவது விதிமுறைகள்தான். கடலோரத்தில் உச்ச வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் வழக்கமான வரையறை. பகலில் 40 டிகிரியைத் தொடாத ஊரின் இரவு, எவ்வளவு புழுங்கினாலும், "வெப்ப இரவு" என்ற கணக்கில் வராது. கடற்காற்றால் பகல் 37, 38-இல் நின்றுவிடும் சென்னையில், தூங்க முடியாத எத்தனை இரவுகள் இப்படிக் கணக்கில் சேராமலே போயிருக்கும்! வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது உண்மையிலேயே நல்ல செயல். ஆனால் பேரிடரை அடையாளம் காணும் அளவுகோல் பகல் உச்சத்தை மட்டும் பார்த்தால், புழுக்கத்தில் நலிந்தவர்கள் அதன் கண்ணில் படமாட்டார்கள்.

பகலுக்குத் தண்ணீர்ப் பந்தலும் நீர்மோரும் இருக்கின்றன. இரவுக்கு என்ன இருக்கிறது? சென்ற ஆண்டு வீட்டு உரிமையாளரின் அனுமதியோடு மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். தளத்தின் கொதிப்பு குறைந்தது, காற்றின் ஈரம் குறையவில்லை. அந்த ஈரத்தில் ஏழை வீட்டுக்கு இருக்கும் ஒரே மருந்து மின்விசிறி. மே மாதத்தில் ஒரு நள்ளிரவு மின்சாரம் போய் மூன்று மணி நேரம் வரவில்லை. அம்மாவைப் படிக்கட்டில் உட்கார வைத்து, ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்து, மாற்றி மாற்றி விசிறிக்கொண்டிருந்தோம். அந்த மூன்று மணி நேரத்தை ஒரு சிறு அசௌகரியம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. கோடை இரவின் மின்தடையை உயிர் சார்ந்த அவசரமாகவே கருதி, பழுது பார்க்கும் ஆட்களை இரவுக்கென்றே கூடுதலாக நிறுத்த வேண்டும். நாளின் உச்ச வெப்பத்தோடு, இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்தே செய்தியில் சொல்ல வேண்டும். எச்சரிக்கையும் அவற்றை வைத்தே வர வேண்டும்.