பதினொரு மாதத்துக்கு முந்தைய உழைப்பு

கொரோனா பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வந்து நிற்கிறது: பத்து ஆண்டுகள் பிடிக்கும் தடுப்பூசியைப் பதினொரு மாதத்தில் எப்படிச் செய்தார்கள்? சிலர் இதை வியப்போடு கேட்கிறார்கள், சிலர் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். இரு சாராரும் கணக்கை 2020-இல் தொடங்குகிறார்கள். தவறு அங்கேயே நேர்ந்துவிடுகிறது என்பது என் கருத்து. பெருந்தொற்றின்போது நமக்குக் கைகொடுத்த அறிவியலில் பெரும்பகுதி அதற்கு வெகுகாலம் முன்பே, வேறு ஏதோ ஒரு தேவைக்காக, யாரும் பெரிதாகக் கவனிக்காத காலத்தில் செய்து முடிக்கப்பட்டது. அந்த நெருக்கடியின் நடுவே புதிதாக முளைத்த கருவிகள் பல, ஆரவாரம் செய்த அளவுக்கு உதவவில்லை.

முதலில் தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். சுமார் 30,000 எழுத்துகள் நீளமுள்ள கொரோனா வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் இணையத்தில் வெளியிடப்பட்டது. மார்ச் 16 அன்று முதல் தன்னார்வலருக்கு எம்ஆர்என்ஏ தடுப்பூசி ஒன்று (வைரஸின் புரதத்தைச் செய்யும் குறிப்பை ஆர்என்ஏ வடிவில் உடலுக்குள் அனுப்பும் ஊசி) சோதனையாகப் போடப்பட்டது. டிசம்பர் 2 அன்று அதே வகையைச் சேர்ந்த ஃபைசர் தடுப்பூசிக்குப் பிரிட்டன் அனுமதி அளித்தது. இந்தத் தேதிகளை மட்டும் பார்ப்பவருக்கு வியப்போ சந்தேகமோ எழுவது இயல்புதான். ஆனால் வெளியிலிருந்து செலுத்தப்படும் ஆர்என்ஏவை உடலின் தற்காப்பு அமைப்பு எதிரியாகக் கருதித் தாக்காமலிருக்க அதன் ஓர் எழுத்தைச் சற்றே மாற்றினால் போதும் என்று விஞ்ஞானிகள் காத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் கண்டறிந்து வெளியிட்ட ஆண்டு 2005. அதற்கு முன் கரிக்கோ ஆய்வு நிதி கிடைக்காமல் அலைந்திருக்கிறார். பணியில் பதவியிறக்கமும் செய்யப்பட்டிருக்கிறார். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2023-இல். வைரஸின் மேலிருக்கும் கூர்முனைப் புரதம் வடிவம் மாறிவிடாமல் இருக்க, அதில் இரண்டு இடங்களில் புரோலின் என்ற அமினோ அமிலத்தை வைத்துப் பூட்டும் உத்தியும் கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த மெர்ஸ் என்ற வேறொரு வைரஸுக்காக உருவாக்கப்பட்டு 2017-இல் வெளிவந்துவிட்டது. மெர்ஸ் உலகம் முழுவதும் பரவவில்லை என்பதற்காக அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தியிருந்தால், 2020-இல் நாம் எங்கே நின்றிருப்போம் என்று நினைத்துப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது.

மனிதச் சோதனைகளிலும் எந்தக் கட்டமும் கைவிடப்படவில்லை. ஒரு கட்டம் முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கினார்கள். முடிவு தெரியும் முன்பே உற்பத்திக்குப் பணம் போட்டார்கள். ஃபைசர் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனையில் 43,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மறுபாதிக்கு வெற்று ஊசி. நோய் கண்ட 170 பேரில் 162 பேர் வெற்று ஊசி பெற்றவர்கள், 8 பேர் மட்டுமே தடுப்பூசி பெற்றவர்கள். நோய் காட்டுத்தீயாகப் பரவிக்கொண்டிருந்ததால்தான் இந்த எண்ணிக்கை அவ்வளவு சீக்கிரம் சேர்ந்தது என்பது கசப்பான உண்மை.

பிசிஆர் பரிசோதனையின் பின்கதை இன்னும் விசித்திரமானது. மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் இருக்கும் துளி அளவு மரபுப்பொருளைப் பல கோடி மடங்காகப் பெருக்க, அதை மீண்டும் மீண்டும் சூடாக்கிக் குளிர்விக்க வேண்டும். சாதாரண நொதிகள் அந்தச் சூட்டில் சிதைந்துவிடும். சூட்டைத் தாங்கும் நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து கிடைத்தது. நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் 1960-களில் அந்தப் பாக்டீரியாவைக் கண்டெடுத்தபோது அவர் மனத்தில் எந்த நோயும் இல்லை. அவ்வளவு சூட்டில் எந்த உயிராவது பிழைத்திருக்குமா என்ற ஆர்வம்தான் இருந்தது. அப்படியோர் ஆய்வுக்கு இன்று நிதி கேட்டு விண்ணப்பித்தால், "இதனால் மக்களுக்கு என்ன பயன்?" என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதியிருப்பார்?

இனி என் வீட்டுக்குள் நடந்த ஒன்று. அப்பாவுக்குத் தொற்று வந்த ஐந்தாம் நாள் இரவு, அவர் கட்டிலில் சாய்ந்தபடி இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தார். மூச்சுத் திணறல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல ஆள்காட்டி விரலில், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 94 என்று காட்டியது 91-க்கு இறங்கி அங்கேயே நின்றது. விரல் குளிர்ந்திருப்பதால் இருக்கும் என்று அவர் கையைத் தேய்த்து, வேறு விரலில் மாட்டினேன், 90. அந்த எண் இல்லாமலிருந்தால் விடியும்வரை காத்திருந்திருப்போம். ஆக்சிஜன் குறைந்தும் நோயாளிக்கே தெரியாமல் போவதுதான் அந்நோயின் வஞ்சகம். விரல் நுனியில் மாட்டும் அந்தச் சிறு கவ்விதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

அந்தக் கருவியின் அடிப்படையை 1974-இல் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதை ஒளியால் அளக்க முயன்றபோது, நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவீட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பை நீக்குவதற்காகச் சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டபோதுதான், தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை அதே துடிப்பைக் கொண்டு கணிக்கலாம் என்று அவருக்குப் புலப்பட்டது. 2020 ஏப்ரலில், அவர் கண்டுபிடித்த கருவியை உலகமே தேடி அலைந்துகொண்டிருந்த மாதத்தில், அவர் காலமானார். இதையும் சொல்லியாக வேண்டும்: கறுப்பின நோயாளிகளிடம் அந்தக் கருவி ஆக்சிஜனை உள்ளதைவிட அதிகமாகக் காட்டி ஆபத்தை மறைப்பது, வெள்ளையரிடம் நிகழ்வதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2020 டிசம்பரில் தெரிவித்தது. நான் நம்பியிருந்த 90 என்ற எண்ணும் உண்மையில் இன்னும் கீழே இருந்திருக்கலாம்.

மருந்துகளில் என்னைப் பெரிதும் கவர்ந்தது, 1950-களிலிருந்து நம்மிடம் இருக்கும், விலை மலிவான டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. பிரிட்டனில் 2020 மார்ச்சில் தொடங்கிய ரெக்கவரி என்ற சோதனையில், நாட்டின் பொது மருத்துவமனைகளில் சேர்ந்த நோயாளிகளுக்கு எந்த மருந்து என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்தது. மூன்று மாதங்களுக்குள் விடை கிடைத்தது. செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களிடம் இந்த மருந்து இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் குறைவு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ எந்த நன்மையும் இல்லை, தீங்கு நேரலாம் என்றும் எண்கள் சுட்டின. எனக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம். உயிர்காக்கும் மருந்து என்ற செய்தி மட்டும் பரவியதும், காய்ச்சல் கண்ட முதல் நாளே அதை விழுங்கியவர்கள் எத்தனையோ பேர். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினால் மருத்துவமனை நோயாளிகளுக்குப் பயனில்லை என்பதும் அதே சோதனையில்தான் தெரிந்தது. அதற்குள் அதற்காகத் தலைவர்கள் முழங்கி, மருந்துக் கடைகள் காலியாகியிருந்தன.

இவற்றோடு ஒப்பிட்டால், புதிய தொழில்நுட்பம் என்று முழங்கப்பட்டவற்றின் நிலை பரிதாபமானது. கைப்பேசி புளூடூத் வழியாகத் தொடர்பறியும் செயலிகள் சில நாடுகளில் ஓரளவு உதவின. ஆனால் புளூடூத் அலையின் வலிமையைக் கொண்டு இருவருக்கிடையே உள்ள தூரத்தைக் கணிப்பது தடுமாற்றமான வேலை, இடையில் ஒரு சுவர் இருப்பதும் அதற்குத் தெரியாது. மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்து கொரோனாவைச் சொல்லிவிடும் செயற்கை நுண்ணறிவு பற்றி நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் வந்தன. 2021-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு அவற்றைச் சலித்துப் பார்த்து, நோயாளிகளிடம் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூட இல்லை என்று எழுதியது. சிலவற்றில், கொரோனா இல்லாதவர்களுக்கான படங்களாகக் குழந்தைகளின் எக்ஸ்ரேக்களைக் கொடுத்திருந்தார்கள்; இயந்திரம் நோயைக் கற்காமல், பெரியவர் யார் குழந்தை யார் என்பதைக் கற்றுக்கொள்ள அது வழிவகுத்தது. இங்கிலாந்தில் 2020 அக்டோபரில், பழைய வகை எக்செல் கோப்பில் வரிசைகள் தீர்ந்துபோனதால் 15,841 தொற்றாளர்களின் விவரம் கணக்கில் வராமல் விடுபட்டது. அவர்களோடு பழகியவர்களை எச்சரிப்பதும் தாமதமானது. கோப்பு நிறைந்ததா என்று பார்க்கும் சாதாரணக் கவனம் இல்லாமல் போனதற்கு அவ்வளவு விலை.

அறிவியல் நிறுவனங்களும் தவறு செய்தன என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. இந்நோய் காற்றின் வழி பரவுவதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் உறுதியாக அறிவித்தது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் அதை மறுத்துப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நிறுவனம் தன் கருத்தை முழுமையாகத் திருத்திக்கொள்ள மேலும் பல மாதங்கள் ஆயின. அதுவரை நாம் மேசைகளைத் துடைத்துக்கொண்டும், சன்னல்களை மூடி வைத்துக்கொண்டும் இருந்தோம்.

எனக்கு இப்போதுள்ள கவலை, நெருக்கடி ஓய்ந்ததும் எதையெல்லாம் நிறுத்துகிறோம் என்பதுதான். கழிவுநீரில் வைரஸின் தடயம் இருக்கிறதா என்று பார்க்கும் கொரோனா கண்காணிப்பை இங்கிலாந்து 2022 மார்ச் இறுதியில் நிறுத்தியது. கழிவுநீரில் அதைவிட மிகப் பழையதான போலியோ கண்காணிப்பு மட்டும் தொடர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரி முதல் ஜூன் வரை லண்டனின் பெக்டன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்த மாதிரிகளில் போலியோ வைரஸ் தென்பட்டது. நோயாளி என்று ஒருவர்கூட அப்போது அடையாளம் காணப்பட்டிருக்கவில்லை. ஆகஸ்டில் அந்நகரின் ஒன்று முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகள் அனைவருக்கும் கூடுதல் தவணைத் தடுப்பூசி வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். லண்டனில் எந்தக் குழந்தைக்கும் கை கால் முடங்கியதாகச் செய்தி வரவில்லை.