மன்றோ சிலையின் சேணமும் அங்கவடியும்: உண்மை விளக்கம்

சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஆங்கிலேயர் காலச் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவின் வெண்கலச் சிலைக்குச் சேணத்தையும் அங்கவடியையும் (சேணத்திலிருந்து தொங்கும், கால் ஊன்றும் வளையம்) வைக்க மறந்துவிட்ட சிற்பி, பிழையை உணர்ந்து தற்கொலை செய்துகொண்டார் என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. இது உண்மையன்று.

சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி. சிலை 1839இல் சென்னையில் நிறுவப்பட்டது. அவர் 1841 நவம்பரில் லண்டனில் தம் வீட்டில் இதயக் கோளாறால் திடீரென இறந்தார். அதைவிட வலுவான சான்று அவருடைய பிற படைப்புகளிலேயே இருக்கிறது. லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் உள்ள நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையிலும், அவர் தொடங்கி வைத்து, மறைவுக்குப் பின் 1844இல் நிறுவப்பட்ட வெலிங்டன் பிரபுவின் சிலையிலும் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. மூன்று சிலைகளிலும் ஒரே விடுபாடு இருக்கையில் அதை மறதி என்று எப்படிக் கொள்வது?

ரோம் நகரில் மார்கஸ் அரேலியஸ் பேரரசர் அங்கவடியின்றிக் குதிரைமேல் வீற்றிருக்கும் பண்டைச் சிலையே ஐரோப்பியச் சிற்பிகளுக்கு நெடுங்காலம் முன்மாதிரியாக இருந்தது. அந்தச் செவ்வியல் மரபின் சாயலைத் தங்கள் தளபதிகளுக்கு ஏற்றிக் காட்டுவதில் 19ஆம் நூற்றாண்டு பிரிட்டன் பெருமை கொண்டது. மன்றோவின் குதிரை பாயவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. கால் ஊன்ற எதுவுமின்றி அவர் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் அந்தத் தோற்றம் முழுக்கத் திட்டமிட்டு வடித்த ஆளுமைச் சின்னம் என்பதே என் கருத்து.